இரைச்சலுக்குள் ஈர்ப்பலை: ஓசூரிலிருந்து ஓர் ஆய்வுப் பாதை

ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ இன்று பத்தாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருவருக்கு 2035-ஆம் ஆண்டில் ஏறத்தாழ இருபத்தைந்து வயது ஆகியிருக்கும். அந்த ஆண்டில்தான் ஐரோப்பிய விண்வெளி முகமை, கால-வெளியில் பரவும் அதிர்வுகளான ஈர்ப்பலைகளைத் தேடும் லீசா திட்டத்தின் மூன்று விண்கலங்களை ஏரியான் 6 ராக்கெட்டில் அனுப்பத் திட்டமிட்டிருக்கிறது. கலங்கள் தங்கள் இடத்துக்குப் போய்ச் சேரவே சுமார் ஒன்றரை ஆண்டு பிடிக்கும். பிறகு கருவிகளைச் சரிபார்க்க வேண்டும். தரவு முறையாக வரத் தொடங்கும் நாளில் அந்த மாணவி முனைவர் பட்ட ஆய்வின் கடைசிக் கட்டத்தில் இருக்கலாம். அதை முடித்துவிட்டு முதல் ஆய்வுப் பணியில் சேர்ந்திருக்கவும் கூடும். ஒருவரின் படிப்புக் காலமும் ஓர் அறிவியல் திட்டத்தின் காலமும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தி வருவது அபூர்வம். அந்தப் பொருத்தத்தை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

லீசா இனிமேல் வெறும் கனவுத் திட்டம் இல்லை. 2024 ஜனவரி 25 அன்று முகமை அதற்கு முறையான ஒப்புதல் அளித்தது. 2025 ஜூனில் கலங்களைக் கட்டும் ஒப்பந்தம் ஜெர்மனியின் ஓ.எச்.பி. நிறுவனத்துடன் கையெழுத்தானது. லேசர்களையும் தொலைநோக்கிகளையும் அமெரிக்காவின் நாசா தருகிறது. இந்தியா ஐரோப்பிய முகமையில் உறுப்பு நாடு இல்லாததால், கலத்தின் கருவிகளைச் செய்யும் வேலையில் நம் இளைஞர்கள் நேரடியாகக் கைவைப்பது கடினம். தரவுப் பகுப்பாய்வுக்கு அந்தத் தடை அவ்வளவாகக் கிடையாது. கணிதமும் நிரல் எழுதும் பயிற்சியும் ஒரு லேப்டாப்பும் இருந்தால் ஓசூர் பாகலூர் சாலையில் உட்கார்ந்தபடியே அதன் முதல் படிகளில் ஏறிவிடலாம். விண்வெளியில் ஈர்ப்பலையைத் தேடவிருக்கும் சீனாவின் தைஜி, தியான்சின் திட்டங்களுக்கும் ஜப்பானின் டெசிகோ திட்டத்துக்கும் ஏறக்குறைய இதே பகுப்பாய்வுத் திறன்தான் தேவை.

விண்வெளிக்கு ஏன் போக வேண்டும்?

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகள் முதன்முதலாக ஓர் ஈர்ப்பலையைப் பிடித்தன. ஒன்று சூரியனைப் போல 36 மடங்கும் மற்றது 29 மடங்கும் எடை கொண்ட இரு கருந்துளைகள் மோதி இணைந்ததன் அடையாளம் அது. கருவியில் அந்த அலை தெரிந்தது 0.2 விநாடி மட்டுமே. அதற்குள் அதன் அதிர்வெண் 35 ஹெர்ட்ஸிலிருந்து 250 ஹெர்ட்ஸுக்கு ஏறியது.

இதைவிட மிகப் பெரிய கருந்துளைகள் அண்டத்தில் உண்டு. பல விண்மீன் மண்டலங்களின் நடுவில் சூரியனைப் போல லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான மடங்கு எடையோடு அவை இருக்கின்றன. அவை இரண்டிரண்டாகச் சுற்றி மோதும்போது எழும் அலையின் ஒரு சுற்று முடிய நிமிடங்களும் மணிநேரங்களும் ஆகும். அப்படிப்பட்ட மெதுவான அலைகளைப் பூமியில் இருக்கும் கருவியால் கேட்க முடியாது. நிலநடுக்கம், கடல் அலை, லாரிப் போக்குவரத்து என நிலத்தின் ஓயாத அதிர்வு அவற்றை மூடிவிடும்.

அதனால்தான் லீசாவின் மூன்று கலங்கள் சூரியனைச் சுற்றும். பூமிக்குச் சுமார் 5 கோடி கிலோமீட்டர் பின்னால், ஒவ்வொரு பக்கமும் 25 லட்சம் கிலோமீட்டர் நீளமுள்ள முக்கோணமாக அவை செல்லும். ஒரு கலத்திலிருந்து கிளம்பும் லேசர் ஒளி அடுத்த கலத்தை அடைய எட்டு விநாடிக்கு மேல் ஆகும். ஒவ்வொரு கலத்துக்குள்ளும் தங்கமும் பிளாட்டினமும் கலந்த, பக்கத்துக்கு 46 மில்லிமீட்டர் உள்ள கனசதுரக் கட்டிகள் எதையும் தொடாமல் மிதக்கும். ஒரு கட்டியின் எடை ஏறத்தாழ இரண்டு கிலோ. வெவ்வேறு கலங்களில் மிதக்கும் கட்டிகளுக்கு இடையிலான தூரம் பிக்கோமீட்டர் அளவில் மாறுவதைக் கணக்கிட வேண்டும். ஓர் அணுவின் குறுக்களவைவிடச் சிறிய மாற்றம் அது. மைக்ரானில் வேலை பார்த்துப் பழகிய ஓசூர் டூல்ரூம் தொழிலாளிக்கு இந்த அளவின் அருமை மற்றவர்களைவிடச் சட்டென்று புரியும்: ஒரு மைக்ரானைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு பிக்கோமீட்டர்.

இது நடக்கக்கூடியதுதானா என்ற கேள்விக்கு லீசா பாத்ஃபைண்டர் பதில் சொல்லிவிட்டது. 2015 டிசம்பர் 3 அன்று கிளம்பி 2017-இல் பணி முடித்த அந்தச் சோதனைக் கலம், எதிர்பார்த்ததைவிட அமைதியாகக் கட்டிகளை மிதக்கவிட்டுக் காட்டியது. அதன் தரவு முழுவதும் இன்று பொதுவெளியில் கிடைக்கிறது. அதற்கு அத்தியாயத்தின் கடைசியில் ஒரு வேலை இருக்கிறது.

பகுப்பாய்வாளர் உண்மையில் என்ன செய்கிறார்?

முதல் வேலை, லேசரின் சொந்த இரைச்சலை ஒழிப்பது. லைகோவில் லேசர் ஒளி போய்த் திரும்பும் இரு கைகளும் சம நீளம். இரண்டிலிருந்தும் திரும்பும் ஒளி சேரும் இடத்திலேயே லேசரின் தடுமாற்றம் தானாகக் கழிந்துவிடும். லீசாவின் முக்கோணத்தில் மூன்று பக்கங்களும் ஒன்றுக்கொன்று சமமாக இருப்பதில்லை, ஒரே நீளத்தில் நிற்பதும் இல்லை. ஆண்டு முழுவதும் அவை நீண்டு சுருங்கிக்கொண்டே இருக்கும். அதனால் லேசரின் தடுமாற்றம், தேடும் அலையைவிடக் கோடிக்கணக்கான மடங்கு பெரிதாகத் தரவில் நிற்கும். அதைக் கருவியில் கழிக்க வழியில்லை. கணக்கில்தான் கழிக்க வேண்டும். ஒவ்வொரு கலமும் அளந்ததை வெவ்வேறு நேரம் தள்ளிவைத்து, கூட்டியும் கழித்தும், லேசர் இரைச்சல் மட்டும் அடிபட்டுப் போகும்படியான சேர்க்கைகளை உருவாக்குகிறார்கள். மாசிமோ டின்டோவும் ஜான் ஆம்ஸ்ட்ராங்கும் 1999-இல் இந்த வழியைக் காட்டினார்கள்.

இங்கேதான் இந்தியக் கை படுகிறது. புனேயின் ஐயூக்கா நிறுவனத்தில் சஞ்சீவ் துரந்தர், ராஜேஷ் நாயக் இருவரும் பிரான்சின் ழான்-ஈவ் வினேயோடு சேர்ந்து 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒவ்வொரு காலத் தாமதத்தையும் ஒரு மாறியாக எழுதினால், லேசர் இரைச்சலை ஒழிக்கும் சேர்க்கைகளைத் தேடுவது பல்லுறுப்புக்கோவைகளின் சமன்பாட்டைத் தீர்ப்பதாக மாறிவிடுகிறது என்று அதில் காட்டினார்கள். அந்தச் சேர்க்கைகள் எல்லாவற்றையும் உருவாக்கப் போதுமான சில அடிப்படைத் தீர்வுகளையும் கண்டுபிடித்தார்கள். ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் அறிமுகமாகும் பல்லுறுப்புக்கோவைதான் இதன் வேர். 'இயற்கணிதம் படித்து என்ன ஆகப்போகிறது' என்று கேட்கும் மாணவருக்கு ஆசிரியர்கள் இந்தக் கட்டுரையைத் தாராளமாகச் சுட்டிக்காட்டலாம். மூன்று கலங்களும் அடிக்கடி எரிபொருள் செலவிடாமல், சூரியப் பாதைத் தளத்துக்கு 60 பாகை சாய்ந்த முக்கோணமாக எப்படி நிலைத்துச் செல்கின்றன என்பதை விளக்கும் 2005-ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் துரந்தர், நாயக் பெயர்கள் உண்டு. டின்டோவும் துரந்தரும் சேர்ந்து எழுதிப் பின்னர் புதுப்பித்துவரும் விரிவான மதிப்பாய்வு, இந்தத் துறைக்குள் நுழைபவர்கள் படிக்க வேண்டிய அடிப்படை நூலாக இருக்கிறது.

லேசர் இரைச்சல் போனபின் வரும் சிக்கல் இன்னும் சுவையானது. லைகோவின் தரவில் பெரும்பாலும் இரைச்சல்தான். நடுநடுவே ஓர் அலை வந்து போகும். லீசாவில் நிலைமை நேர்மாறு. நம் பால்வீதியில் மட்டுமே கோடிக்கணக்கான வெள்ளைக் குள்ள விண்மீன் இணைகள் ஓயாமல் அலை வீசிக்கொண்டிருக்கின்றன. எச்.எம். கான்கிரி என்ற இணை ஒன்றையொன்று சுற்றிவர 321 விநாடிகளே எடுத்துக்கொள்கிறது. இவற்றில் பல்லாயிரம் இணைகளைத் தனித்தனியாக அடையாளம் காணலாம் என எதிர்பார்க்கிறார்கள். மற்றவை ஒன்றோடொன்று கலந்து ஒரு பின்னணி இரைச்சலாகிவிடும். இதற்கு மேல் பெரிய கருந்துளைகளின் மோதல்களும், ஒரு பெரிய கருந்துளையை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் சுற்றி அதற்குள் விழும் சிறிய கருந்துளைகளின் அலைகளும் சேரும்.

ஓசூர் பேருந்து நிலையத்தின் நடுவில் ஒரே ஒரு ஒலிவாங்கியை வைத்து நாள் முழுக்கப் பதிவுசெய்ததாக வைத்துக்கொள்வோம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி என எல்லாம் ஒரே நேரத்தில் அதில் விழும். அந்த ஒரு பதிவைக் கேட்டு, மொத்தம் எத்தனை பேர் பேசினார்கள், யார் எந்த மொழியில் என்ன சொன்னார்கள் என்று பிரிக்கச் சொன்னால் எப்படியோ, லீசாவின் பகுப்பாய்வும் அப்படித்தான். ஒருவர் குரலைத் தவறாகக் கழித்தால் மற்றவர் குரலும் கெட்டுவிடும். ஆகவே எல்லா மூலங்களையும் இரைச்சலையும் ஒரே நேரத்தில் பொருத்திப் பார்க்கிறார்கள். எத்தனை மூலங்கள் என்பதே முன்கூட்டித் தெரியாது என்பதால், எண்ணிக்கையையும் சேர்த்தே தேடும் மார்கோவ் சங்கிலி மான்டே கார்லோ முறைகள் தேவைப்படுகின்றன. புள்ளியியலாளர் பீட்டர் கிரீன் 1995-இல் தந்த முறை இங்கே பெரிதும் கைகொடுக்கிறது. புள்ளியியல் படித்தவருக்கு இந்தத் துறையில் மரியாதை அதிகம் என்பதைக் கலைக் கல்லூரி மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வானியல் என்றாலே இயற்பியல் மட்டும்தான் என்ற எண்ணம் பல நல்ல புள்ளியியல் மாணவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது.

மூன்றாவது சிக்கல் அன்றாடத் தொழிற்சாலைச் சிக்கல். தரவில் இடைவெளிகள் விழும். ஆன்டெனாவைத் திருப்பும்போதும், கருவி நின்றுபோகும்போதும் பதிவு அறுந்துபோகும். காரணம் தெரியாத திடீர்த் துள்ளல்கள் வரும். பாத்ஃபைண்டரில் அவை சராசரியாக நாளுக்கு ஒன்று என்ற அளவில் பதிவாயின. இவற்றை அலை என்று ஏமாறாமல் இனங்காண வேண்டும். கன்வேயர் லைனில் சென்சார் கேபிள் லூசாகி வரும் பொய் அலாரத்தையும் உண்மையான பேரிங் பழுதையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு இந்த வேலையின் மனநிலை ஏற்கனவே கைவந்தது.

பக்கத்து மாநிலத்தில், பக்கத்திலேயே

இந்த எல்லைப் பகுதிக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது. இங்குள்ள கல்லூரிகள் அதை இன்னும் முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். நாட்டின் ஈர்ப்பலை ஆய்வுக்கு அடித்தளம் இட்ட இடங்களில் அந்த நகரமும் ஒன்று. கருந்துளையைக் கலைத்தால் அது மணி போலக் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலித்து அடங்கும் என்று 1970-இல் கணக்கிட்டுக் காட்டிய சி.வி. விஸ்வேஸ்வரா பெங்களூருக்காரர். ராமன் ஆராய்ச்சி நிறுவனத்திலும் இந்திய வானியற்பியல் நிறுவனத்திலும் பணியாற்றிய அவர், ஜவாஹர்லால் நேரு கோளரங்கத்தின் முதல் இயக்குநராகவும் இருந்தார். முன்னே சொன்ன ராஜேஷ் நாயக் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்தவர். இணைந்து சுற்றும் கருந்துளைகளின் அலைவடிவத்தைத் துல்லியமாகக் கணக்கிடும் பணியில் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாலா ஐயர் பல பத்தாண்டுகள் ஈடுபட்டார்.

அவரிடம் முனைவர் பட்டம் பெற்றவர்களில் கே.ஜி. அருண் ஒருவர், இப்போது சென்னை கணிதவியல் கழகத்தில் பேராசிரியர். அருண், ஐயர், பி.எஸ். சத்யபிரகாஷ், சித்தார்த்த சின்ஹா ஆகியோர் 2007-இல் லீசாவைப் பற்றி எழுதிய கட்டுரை இந்த அத்தியாயத்துக்கு நேரடியாகப் பொருந்துகிறது. அலையின் முதன்மை அதிர்வெண்ணோடு அதன் உயர் இசையங்களையும் கணக்கில் சேர்த்தால், லீசா இன்னும் எடை கூடிய கருந்துளைகளைக்கூடக் காண முடியும் என்று அது காட்டியது. விண்கலத்தில் ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்றாமல், அது காணும் எல்லையை விரித்த வேலை. பகுப்பாய்வாளரின் பங்கு என்ன என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை. சென்னை கணிதவியல் கழகம் இருப்பது சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில். சிப்காட் என்றதும் பிரஸ் ஷாப்பும் பெயிண்ட் ஷாப்பும் நினைவுக்கு வரும் ஓசூர்ப் பெற்றோருக்கு, அதே நிறுவனத்தின் இன்னொரு வளாகத்தில் கருந்துளைக் கணிதம் நடப்பது ஒரு நல்ல செய்தி.

பெங்களூரில் மாணவர் போக வேண்டிய இடங்களில் முதலில் வருவது கோளரங்கம். 'ரீப்' என்ற பெயரில் அங்கே கல்லூரி மாணவர்களுக்கு வார இறுதி இயற்பியல் வகுப்புகள் நடக்கின்றன. பட்டப்படிப்பு மாணவர்களை ஆய்வுக்குத் தயார்படுத்துவதே அந்த வகுப்புகளின் நோக்கம். பொம்மசந்திரா வரை பேருந்து, அங்கிருந்து 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மஞ்சள் தட மெட்ரோ என்று மாறினால், ஓசூர் மாணவர் காலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். இந்த ஒரு வசதி சேலம், தருமபுரி மாணவர்களுக்குக்கூட இல்லை. அடுத்தது கோரமங்களாவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம். சதாசிவநகர் ராமன் நிறுவனத்தில் கோடைகால மாணவர் திட்டம் உண்டு. ஹெசரகட்டா அருகே சிவகோட்டையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் சர்வதேச கோட்பாட்டு அறிவியல் மையம், அதாவது ஐ.சி.டி.எஸ்., இருக்கிறது. அங்கே பி. அஜித் தலைமையிலான குழு ஈர்ப்பலைத் தரவில் பணியாற்றுகிறது. ஈர்ப்பலை வானியலுக்கான கோடைப் பள்ளியும் அங்கே நடந்துவருகிறது. அது நகரத்தின் மறுகோடியில் இருப்பதால் ஓசூரிலிருந்து தினமும் போய்வர முடியாது. தேர்வாகும் மாணவர் தங்கிப் படிக்கத் திட்டமிட வேண்டும்.

கிருஷ்ணகிரிப் பக்கத்து மாணவர்களுக்குக் கிழக்கே ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வான்நோக்கு நிலையம் இருக்கிறது. அங்குள்ளது 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி. ஈர்ப்பலைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு குறைவு. ஆனால் உண்மையான தரவு எப்படிப் பிறக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க மாவட்டத்துக்கு அருகில் அதைவிட நல்ல இடம் இல்லை.

தமிழ்நாட்டுக்குள் சென்னை ஐ.ஐ.டி.யில் சந்திரகாந்த் மிஸ்ராவின் குழு ஈர்ப்பலை ஆய்வில் இருக்கிறது. லீசாவைவிடவும் மெதுவான, ஒரு சுற்றுக்கு ஆண்டுகள் எடுக்கும் அலைகளைத் துடிப்பு விண்மீன்களைக் கொண்டு தேடும் இந்தியக் கூட்டுமுயற்சி இன்னொரு வாசல். அதன் தொடக்கக் கட்டத்தில் ஊட்டி முத்தொரை ரேடியோ தொலைநோக்கியும் பயன்பட்டது. புனே அருகே உள்ள மீட்டர் அலைத் தொலைநோக்கியின் தரவோடு, 2023 ஜூனில் ஐரோப்பியக் குழுவும் இந்தியக் குழுவும் சேர்ந்து அத்தகைய அலைக்கான சான்றை வெளியிட்டன. அங்கும் வேலை இதேதான்: நீண்ட காலப் பதிவு, இடைவெளிகள், இரைச்சல், பேயஸ் புள்ளியியல். அங்கே பழகியவர் லீசாவுக்குத் தாவுவது எளிது.

படிப்பும் பணமும்

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு வழிகள் பல. ஐசர் நிறுவனங்கள், சென்னை கணிதவியல் கழகம், திருவனந்தபுரம் ஐ.ஐ.எஸ்.டி. போன்றவற்றில் நேராகச் சேர முடிந்தவர்களுக்குப் பாதை குறுகியது. பெரும்பாலானவர்கள் கிருஷ்ணகிரி, ஓசூர் அரசுக் கலைக் கல்லூரிகளிலோ பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியிலோ சேர்வார்கள். அதனால் கதவு எதுவும் மூடிவிடாது. இயற்பியல், கணிதம், புள்ளியியல், மின்னணுவியல், கணினி அறிவியல் ஆகிய ஐந்தில் எதிலிருந்தும் இத்துறைக்கு வர முடியும். பல ஆய்வு நிறுவனங்கள் பொறியியல் பட்டதாரிகளையும் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்கின்றன. ஜெஸ்ட், கேட், சி.எஸ்.ஐ.ஆர். நெட், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் நுழைவுத் தேர்வு, ஐயூக்காவின் தேர்வு ஆகியவை முனைவர் பட்டத்துக்கான முக்கிய வாசல்கள். தகுதி விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கடைசி ஆண்டில் தேடாமல், இரண்டாம் ஆண்டிலேயே ஒவ்வொரு அறிவிக்கையையும் முழுதாக வாசித்துவைப்பது நல்லது.

வீட்டில் முதலில் எழும் கேள்வி பணம். 2023 ஜனவரி முதல் மத்திய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய்; மூன்றாம் ஆண்டிலிருந்து 42,000 ரூபாய். தங்குமிடம் இல்லாதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு உதவியாளர் பணி 58,000 ரூபாயில் தொடங்குகிறது. சிப்காட்டில் டிரெய்னியாகச் சேர்பவரின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் முதல் தொகை குறைவில்லை. ஆனால் மூன்று ஆண்டு பட்டம், இரண்டு ஆண்டு முதுநிலை, ஐந்தாண்டுக்கு மேல் ஆய்வு என்று காலம் நீளும். மூத்த பிள்ளையின் சம்பளத்தை நம்பியிருக்கும் குடும்பம் இதை முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிட வேண்டும். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பெங்களூரு வார இறுதிப் பயணச் செலவுக்கு அது கொஞ்சம் உதவும்.

இந்திய அறிவியல் கழகங்களின் கோடை ஆய்வு உதவித்திட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். எந்தக் கல்லூரி மாணவரும் விண்ணப்பிக்கலாம். தேர்வானவர் நாட்டின் ஏதோ ஓர் ஆய்வாளரிடம் கோடையில் சில வாரங்கள் பணியாற்றுவார், உதவித்தொகையோடு. சிறிய ஊர்க் கல்லூரியிலிருந்து ஆய்வு உலகத்துக்குள் போன பலருக்கு அதுதான் முதல் கதவாக இருந்திருக்கிறது.

ஷாப் ஃபுளோரிலிருந்து வருபவர்

ஓசூரின் வாகன ஆலைகளில் என்.வி.எச். பிரிவில் அதிர்வையும் சத்தத்தையும் அளக்கும் பொறியாளர் எஃப்.எஃப்.டி. எடுக்கிறார், அதிர்வெண் நிறமாலையில் எந்த உச்சம் கியரிலிருந்து வருகிறது, எது பேரிங்கிலிருந்து வருகிறது என்று பிரிக்கிறார். குவாலிட்டி பிரிவில் இருப்பவர் அளவுக் கருவியின் சொந்தப் பிழையைப் பொருளின் பிழையிலிருந்து பிரித்தெடுக்கிறார். லீசாவின் பகுப்பாய்வில் முதல் நாள் செய்வதும் நிறமாலை அடர்த்தியைக் கணக்கிடுவதுதான். அவருக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது மூன்று: பொதுச் சார்பியலின் அடிப்படை, பேயஸ் புள்ளியியல், பைத்தான் மொழியில் ஒழுங்கான நிரல். முதலாவதுதான் கடினம், அதற்கு வழிகாட்டி ஒருவரோ கல்லூரி வகுப்போ வேண்டும். மற்ற இரண்டையும் ஷிஃப்ட் முடிந்து வந்து படிக்க முடியும். சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழி தரவு அறிவியல் பட்டத்தில் வேலையில் இருப்பவர்களும் சேர்ந்து படிக்கிறார்கள்.

முனைவர் பட்டம்தான் வேண்டும் என்பதில்லை. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா கட்டப்படுகிறது. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை அதற்குச் சுமார் 2,600 கோடி ரூபாய் ஒதுக்கியது. வெற்றிடக் குழாய், அதிர்வுத் தடுப்பு, கட்டுப்பாட்டு மின்னணு, கணினிக் கட்டமைப்பு என்று அதற்குத் தேவைப்படும் கைகள் எல்லாம் இயற்பியலாளர்களுடையவை ஆகா.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று: இந்தியாவில் லீசாவுக்கென்றே நிரந்தரப் பணியிடங்கள் மிகச் சில. முனைவர் பட்டம் முடித்தவர் சில ஆண்டுகள் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, அமெரிக்கா போன்ற நாடுகளில் பணியாற்றிவிட்டு இங்கே பேராசிரியர் பணிக்குப் போட்டியிட வேண்டியிருக்கும். எல்லோருக்கும் அது கிடைக்காது. கிடைக்காதவர்கள் வீணாகப் போவதும் இல்லை. இரைச்சலுக்குள் சிக்னலைத் தேடத் தெரிந்தவரை மின்வாகன பேட்டரி நிறுவனங்களும், செயற்கைக்கோள் நிறுவனங்களும், மருத்துவக் கருவி நிறுவனங்களும், வங்கிகளும் தேடுகின்றன. அவற்றில் பல இந்த எல்லைச் சாலையின் இரு பக்கமும் இருக்கின்றன. அதனால் ஆய்வுக்காலத்தில் எழுதும் நிரலை யாரும் திறந்து படிக்கும்படி சுத்தமாக எழுதிவைப்பதும், பொதுவில் போட்டுவைப்பதும் கூடுதல் வேலை இல்லை; அதுவே பின்னாளில் விண்ணப்பத்தின் பாதி.

முதல் மூன்று மாதம்

முதல் மாதம் லைகோவின் திறந்த தரவு மையத்திலிருந்து 2015 செப்டம்பர் 14 நிகழ்வின் 32 விநாடிக் கோப்பை இறக்கிக்கொள்ளலாம். நிறமாலை அடர்த்தியைக் கணக்கிட்டு, இரைச்சலைச் சமப்படுத்தி, 35 முதல் 350 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டினால் அந்த ஏறும் அலை திரையில் தெரியும். பைத்தானின் நம்பை, சைபை தொகுப்புகள் போதும்; பிறகு பை-சி.பி.சி. தொகுப்பைப் பழகலாம். இப்படி மாதிரி அலைவடிவங்களோடு ஒப்பிட்டுத் தேடும் முறைக்கு, மாதிரிகளை எவ்வளவு நெருக்கமாக அடுக்க வேண்டும் என்று சத்யபிரகாஷும் துரந்தரும் 1991-இலேயே எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாம் மாதம் பாத்ஃபைண்டரின் ஆவணக் களஞ்சியம். அதில் அலை எதுவும் இல்லை; விண்வெளியில் மிதந்த இரு கட்டிகளின் உண்மையான இரைச்சல் மட்டும். துள்ளல்களைக் கண்ணால் தேடிக் குறித்து, பிறகு தானாகத் தேடும் நிரல் ஒன்றை எழுதிப் பார்க்கலாம்.

மூன்றாம் மாதம் லீசா குழு பொதுவில் வைத்திருக்கும் சவால் தரவுகள். அவற்றில் 'சங்ரியா' என்பது ஓர் ஆண்டுக்கான செயற்கைத் தரவு: சுமார் மூன்று கோடி வெள்ளைக் குள்ள இணைகளும் 15 பெரிய கருந்துளை மோதல்களும் அதில் புதைந்திருக்கின்றன. ஐந்து விநாடிக்கு ஓர் அளவீடு என்பதால் முக்கியமான மூன்று வரிசைகளும் சேர்ந்து 150 மெகாபைட் அளவுதான். ஒரு சாதாரண போனில்கூட அடங்கும். 'ஸ்ப்ரிட்ஸ்' என்ற அடுத்த தரவில் இடைவெளிகளும் துள்ளல்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. தொடங்குபவர் எல்லா இணைகளையும் பிரிக்க முயல வேண்டாம். எச்.எம். கான்கிரி போன்ற தெரிந்த ஓர் இணையின் அதிர்வெண்ணை, அதாவது 6.2 மில்லிஹெர்ட்ஸை ஒட்டிய குறுகிய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த ஓர் அலையின் வீச்சையும் கட்டத்தையும் மீட்டெடுத்தால் போதும்.

இதை முடித்தபின் பேராசிரியர் ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதலாம். 'எனக்கு விண்வெளியில் ஆர்வம்' என்று தொடங்கும் கடிதங்கள் அவர்களுக்கு நாள்தோறும் வருகின்றன. தான் வரைந்த நிறமாலைப் படம் ஒன்று, நிரலுக்கான இணைப்பு, எந்த இடத்தில் கணக்கு பொருந்தாமல் நின்றது என்ற இரண்டு வரி, அவருடைய கட்டுரை ஒன்றில் தனக்குப் புரியாத ஒரு குறிப்பிட்ட சமன்பாட்டைப் பற்றிய கேள்வி ஆகிய நான்கும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். கோடைத் திட்டங்களுக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே தொடங்கிவிடுவதால், அந்தக் கடிதத்தை ஆயுத பூஜை விடுமுறைக்குள் அனுப்பிவிடுவது நல்லது.